முன் பிரேக்கைத் தொடாதீங்க

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி பிரேக் பற்றியவைதான். நான் வேலை பார்த்த பைக் ஒர்க்‌ஷாப்பில் இப்போது என் இடத்தில் இருக்கிற கார்த்திக் அடிக்கடி கூப்பிடுவான். "அண்ணாச்சி, பெரிய வண்டி ஒண்ணு வந்திருக்கு. முன்னால ரெண்டு டிஸ்க் போடணும்ங்காவ. காலிப்பர் எது போடலாம், பம்பு எந்த சைஸ்?" என்று கேட்பான். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அந்தக் காலிப்பர் பற்றி நான் பேச மாட்டேன். முதலில் ஒரு கேள்வி கேட்பேன். "வண்டிக்காரனைத் தவிர அந்த வீட்ல வேற யாரு வண்டியத் தொடுவா?"

அவன் சிரிப்பான். பக்கத்தில் இருக்கிறவர்களும் சிரிப்பது கேட்கும். போன வாரம் அப்படிச் சிரித்துவிட்டு, "இதை ஏன் கேக்கீங்கன்னு ஒரு நாளாவது சொல்லிருங்க அண்ணாச்சி. இல்லாட்டி எழுதியாவது குடுங்க" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று எனக்கே வெகுநாளாக யோசனை. கடைசியில் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதில் வருகிற எந்தப் பெயரும் உண்மைப் பெயர் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை என் மனைவி பொன்மணி கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். கதவைப் பூட்டிய பிறகு பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். "இந்த ஆளு எப்படித்தான் வண்டி ரிப்பேர் பாக்காரோ" என்று அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். இந்தப் பயம்தான் என் வேலைக்குத் தகுதி என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் மிராண்டா சார்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். மாமாமார் எல்லாரும் வெளியூரில் கடை வைத்திருந்தார்கள். கல்லாவில் உட்காரப் பொறுமை இல்லாமல் நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்தேன். துறைமுகச் சாலையில் ஒரு லாரி ஷெட்டில், உப்பு லாரிகளுக்குப் பிரேக் கட்டுகிற வேலை. ஒரு நாள் நான் பிரேக் கட்டிக் கொடுத்த லாரி ஒன்று பின்னால் உருண்டுவந்து டீக்கடை பெஞ்சில் மோதி நின்றது. நல்ல வேளை, பெஞ்சில் ஆள் இல்லை. டிரைவர் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கிப் போனதுதான் காரணம், என் வேலையில் குறை இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. பல நாள் சோறு இறங்கவில்லை. லாரி வேண்டாம், கொஞ்சம் சின்ன வண்டியாகப் பார்க்கலாம் என்று பைக் ஒர்க்‌ஷாப்புக்கு மாறினேன். இரண்டு சக்கர வண்டிதான் ஆபத்து அதிகம் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

மிராண்டா சார் கப்பல் ரிப்பேர் வேலையிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், கண்ணுக்கு வந்து நான் பார்த்தது குறைவு. குரல் உயராது. ஆளை எப்படி அழைக்கிறார் என்பதை வைத்துத்தான் அவர் மனநிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தோஷமாக இருந்தால் "ஏலே செல்வராசு". சாதாரணமாக இருந்தால் "செல்வராஜ்". கோபமோ கவலையோ வந்துவிட்டால் "செல்வராஜ் ஐயா". அவர் வாயிலிருந்து ஐயா வந்தால் ஷெட்டில் ஸ்பானர் சத்தம்கூட நின்றுவிடும்.

பிரேக் வேலை முடிந்ததும் அவரே வண்டியை ஓட்டிப் பார்ப்பார். வேலை செய்த மெக்கானிக் பின்னால் உட்கார வேண்டும். அது அவர் சட்டம். முதல் தரம் நான் உட்கார்ந்தபோது பைபாஸில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டே, "பிடிக்கவா?" என்று மட்டும் கேட்டார். என் மனதில் அத்தனை போல்ட்டும் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் முடுக்கினேனா? இடது பக்கத்துக் கீழ் போல்ட்? "சார், கொஞ்சம் இருங்க" என்று கத்தினேன். அவர் வேகத்தை மெதுவாகக் குறைத்து ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் வெட்கப்பட்டு நின்றேன். "பயம் இருக்குல்லா? அப்ப நீ பிரேக் பாரு. தைரியசாலி எல்லாம் என்ஜின் பாக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து நான் பிரேக் ஆள்.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இனம் இல்லை. காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கிற ஒரு திரவம். எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அது கெட ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் புது டப்பா உடைப்பார். மிச்சத்தைக் கீழே கொட்டச் சொல்வார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். மிராண்டா சார் காதில் வாங்க மாட்டார்.

இனி டெரிக் விஷயத்துக்கு வருகிறேன்.

டெரிக் கப்பலில் என்ஜினியர். பெரியதாழை பூர்வீகம். அப்பா சூசை அண்ணாச்சி பிழைப்புக்காகத் தூத்துக்குடி வந்து, மீன்பிடிக்கிற லாஞ்சு ஒன்று வாங்கி, அந்த வருமானத்தில் மகனைப் படிக்க வைத்தவர். டெரிக் ஒரு லீவில் வந்தபோது வெளி மாநிலத்து ஆள் ஒருவரிடமிருந்து ஒரு பழைய பெரிய வண்டியை வாங்கினான். எண்ணூறு சிசிக்கு மேல். ஆள் ஏறாமலேயே கால் டன் இருக்கும். ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதே மூச்சு வாங்கும். அவ்வளவு பெரிய வண்டிக்கு முன்னால் ஒரே ஒரு டிஸ்க், அதுவும் சின்னது. செய்த காலத்தில் அது போதும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஒரு நாள் துறைமுக பைபாஸில் பின்விளக்கு இல்லாத உப்பு லாரி ஒன்று முன்னால் நின்றிருக்கிறது. டெரிக் பலத்தை எல்லாம் சேர்த்துப் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பின்னால் அவன் மனைவி மெர்லின். மறுநாள் இரண்டு பேரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். டெரிக் வெளியே நின்று வண்டியைத் தடவிக்கொண்டிருந்தான். மெர்லின்தான் உள்ளே வந்து பேசினாள். பள்ளிக்கூட டீச்சர், கேள்வி கேட்டே பழகியவள்.

"சார், இதுக்கு நல்ல பிரேக் போட முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிருங்க, வித்துருவோம். இவங்க கப்பல்ல இருக்கையில நான் ஒவ்வொரு நாளும் பயந்துகிட்டுக் கெடக்கேன். கரைக்கு வந்த பெறவும் பயப்பட என்னால முடியாது."

மிராண்டா சார் வண்டியைச் சுற்றி வந்தார். முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "முடியும்" என்றார். "ஆனா நான் சொல்லுதபடிதான்."

டெரிக் கப்பல் பட்டறையில் தெரிந்த ஆளை வைத்துத் தகடு வெட்டி, அதில் இரண்டாவது காலிப்பரைத் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தான். மிராண்டா சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்துத் துடைத்தார். "தம்பி, பட்டறையில வெட்டுன தகடு கப்பலுக்கு நல்லது. வீட்டுக்காரிய ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்கு வேண்டாம்" என்றார். அதே வண்டிக் குடும்பத்தில் அடுத்து வந்த மாடலுக்கு, இரண்டு காலிப்பர் பூட்டுகிற மாதிரியே ஃபோர்க் வந்திருந்தது. அதை முழுசாக வாங்கிப் போடுவது என்று முடிவானது. சாமான் எல்லாம் காயல்பட்டினத்து ஹமீது காக்கா மூலமாக வந்தது; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் வளைகுடாவில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து, ஊரில் பைக் சாமான் கடை போட்டிருந்தார்.

வேலையை நான்தான் செய்தேன். முன் பக்கத்தை முழுசாகக் கழற்றினேன். புது டிஸ்க் இரண்டையும் சக்கரத்தில் பூட்டி, சுற்றவிட்டு, நெளிவு இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முடி அளவு நெளிவு இருந்தாலும் பிடிக்கும்போது கையில் துடிக்கும். பிறகு காலிப்பர். டிஸ்க் அதன் நட்ட நடுவில் ஓட வேண்டும். அடுத்தது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற பம்பு. பழைய பம்பு சின்னது, இரண்டு காலிப்பருக்குத் தள்ளப் போதாது. விரலால் இழுக்கிற பிரேக் பிடி கைப்பிடி வரை வந்துவிடும். ரொம்பப் பெரிசாகப் போட்டாலோ பிடி மரக்கட்டை மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. நடுவில் ஒரு சைஸ் கிடைக்கும் வரை ஹமீது காக்காவை நான் படுத்தாத பாடில்லை. கம்பி பின்னிய ஹோஸ் போட்டேன். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, ஹோஸ் எங்கேயும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய், டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

கடைசியில் ஹோஸுக்குள் இருக்கிற காற்றை எடுப்பது. புது டப்பா உடைத்து ஊற்றி, ஒருவர் பிடியை அழுத்த, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட, குமிழி வருவது நிற்கும் வரை விடக் கூடாது. பம்பின் மேலே ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதில் கண்ணாடிச் சன்னல். அதில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிறுத்துவோம். சூட்டில் விரிய இடம் வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் பின்னால் வினையாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

மிராண்டா சார் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, பைபாஸ் முழுக்கப் பிடித்துப் பிடித்து, டிஸ்க்கில் உரசுகிற பேடைப் படியவைத்தோம். அவ்வளவு பெரிய வண்டி இரண்டு விரலுக்கு அடங்கி நின்றது. "ஏலே செல்வராசு" என்றார் அவர். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

டெரிக் வண்டியை எடுத்துப் போனான். மறுநாள் வெளியே எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில், பெரியதாழையில் கோயில் கொடியேற்றம் என்று மெர்லினை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். அவர்கள் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் சூசை அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். முட்டு வலி, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். கையில் ஒரு பை நிறைய சீலா மீன்.

"மருமவ சொன்னா, பிரேக்கு ராசா மாதிரி இருக்குன்னு. ஒங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்க" என்றார். மிராண்டா சார் ஸ்டூலை இழுத்துப் போட்டார். சூசை அண்ணாச்சி உட்கார்ந்து முட்டைத் தேய்த்துக்கொண்டே, "தம்பி, எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. எண்ணெயில மட்டும் கை கொஞ்சம் இறுக்கம் போலிருக்கு. சன்னல்ல பாத்தேன், கொறஞ்சு கெடந்துச்சு. வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே நான் நெரப்பிட்டேன்" என்றார்.

"எதை ஊத்துனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"லாஞ்சு ஸ்டீயரிங்குக்கு ஊத்துத ஹைட்ராலிக் ஆயில்தான். நல்ல ஆயில். கலப்படம் கெடையாது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. லாஞ்சு கடலுக்குப் போவதற்கு முன்னால், கரையில் நிற்கப்போகிற ஆள் என்ஜினிலும் ஸ்டீயரிங்கிலும் தன் கையால் எண்ணெய் நிரப்பி அனுப்ப வேண்டும். குறையோடு அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். முட்டு போனதிலிருந்து சூசை அண்ணாச்சிதான் கரையில் நிற்கிற ஆள். ஒவ்வொரு லாஞ்சுப் பயணத்துக்கும் அவர் கைதான். மகனும் மருமகளும் வெளியூர் போகிற வண்டிக்கு அவர் ஊற்றாமல் வேறு யார் ஊற்றுவார்?

ஆனால் அந்த எண்ணெய் பிரேக் ரப்பருக்கு எமன். பட்ட ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக ஊதும். உடனே ஒன்றும் தெரியாது, புறப்படும்போது பிரேக் நன்றாகவே பிடிக்கும். பம்புக்குள்ளே, அழுத்திய திரவம் திரும்பி வருவதற்கு ஊசி முனை அளவில் ஒரு துளை உண்டு. ஊதிய ரப்பர் அதை அடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு தரம் பிடிக்கும்போதும் உள்ளே போன திரவம் திரும்பாது. பேட் டிஸ்க்கை விடாது. உரசி உரசிச் சூடு ஏறும். சூட்டில் திரவம் விரிந்து இன்னும் இறுக்கும். கடைசியில் முன் சக்கரம் என்ன வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்த வேகத்திலேயே கட்டிக்கொள்ளும். நான் பூட்டியது சின்ன பிரேக்கும் இல்லை. இரண்டு பெரிய டிஸ்க், பேடைத் தள்ள எட்டு பிஸ்டன். அது கட்டினால் கால் டன் வண்டி ஆளைத் தூக்கி முன்னால் வீசிவிடும். பின்னால் மெர்லின்.

டெரிக்குக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்? மெர்லினுக்குப் போட்டேன். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.

"செல்வராஜ் ஐயா" என்றார் மிராண்டா சார். "நீங்க போய்ச் சேருததுக்குள்ள அவன் ஆத்தூர் தாண்டி எங்கயோ இருப்பான். ஹமீதக் கூப்பிடுங்க."

ஹமீது காக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். கேட்டவுடன் அவர் பதறிவிட்டார். "அல்லாஹ்! இந்த ரோட்டுலதானே வரணும் அண்ணாச்சி. பத்து ஆளை எறக்கி ரோட்டை மறிச்சு நிப்பாட்டிருதேன்."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. மிராண்டா சார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அவர் ஒருவர் கையிலிருந்து எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

"மறிக்காதீங்க! ரோட்ல திடீர்னு ஆளப் பாத்தா அவன் மொதல்ல என்ன செய்வான்? முன் பிரேக்கைப் புடிப்பான். அதைத்தான் அவன் செய்யக் கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தாவிட்டால் ஆபத்து. நிறுத்தப் போனாலும் ஆபத்து. பிரேக்கைத் தொடவிடாமல் ஒரு வண்டியை எப்படி நிறுத்துவது? மிராண்டா சார் போனைக் காதில் வைத்தபடியே சூசை அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒங்க மவன் வழியில குருசடியக் கண்டா சிலுவை போடுவானா?"

சிலுவை வைத்த சின்னக் கோயில்கள் எங்கள் கடற்கரைச் சாலை நெடுக உண்டு. அதைத்தான் குருசடி என்பார்கள். சூசை அண்ணாச்சி விழித்தார். "போடாம? எவ்வளவு வெரசாப் போனாலும் போடுவான். போடலேன்னா மெர்லின் பின்னால இருந்து முதுகுல குத்துவா. ஏன் சார் கேக்கீங்க?"

மிராண்டா சார் போனில் பேசினார். "ஹமீது, வீரபாண்டியன்பட்டினத்துக்குத் திரும்புத எடத்துல ஒரு குருசடி இருக்குல்லா? அங்கன போங்க. சிலுவை போட வலது கைய எடுப்பான். எடுத்தா ஆக்ஸிலேட்டர் தன்னால மூடிக்கிடும், வண்டி கொறையும். முன் பிரேக்கும் அந்த வலது கையிலதான். அந்த நேரத்துல அவன் கை அதுல இருக்காது. குருசடிக்குக் கொஞ்சம் முன்னாலயே, தூரத்துல இருந்து தெரியுத மாதிரி ஓரமா நில்லுங்க. ரோட்டுக்குள்ள எறங்காதீங்க. பெரிசா எழுதிப் புடிங்க, முன் பிரேக்கைத் தொடாதீங்கன்னு."

போன் வைக்கப்பட்டது. ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சூசை அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். "தம்பி, நான் ஊத்துன எண்ணெயா?" என்று என்னிடம் கேட்டார். நான் மிராண்டா சாரைப் பார்த்தேன். மிராண்டா சார் தரையைப் பார்த்தார். சூசை அண்ணாச்சிக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை என் எதிரிக்கும் நான் நினைக்க மாட்டேன். என் மனம் அந்தச் சாலை முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. முக்காணிப் பாலத்தில் பஸ் எதிரே வந்தால் பிடிப்பான். ஆறுமுகநேரியில் ரயில்வே கேட் போட்டிருந்தால் பிடிப்பான். வேகத்தடைக்குப் பிடிப்பான், ஆட்டுக்குப் பிடிப்பான், திருச்செந்தூருக்கு நடந்து போகிற பக்தர்களுக்குப் பிடிப்பான். ஒவ்வொரு பிடிக்கும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருக்கும். சூசை அண்ணாச்சி ஜெபமாலையை எடுத்தார், ஆனால் உருட்டவில்லை. கையில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது, ஒருவரும் அதை எடுத்து வைக்கவில்லை.

போன் அடித்தது. ஹமீது காக்கா. எடுக்க எனக்குக் கை வரவில்லை. மிராண்டா சார்தான் எடுத்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நின்னுட்டாங்க!" என்று கத்தினார் ஹமீது காக்கா. "அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். கடையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிப் பிடித்திருக்கிறார். வண்டி வருகிற சத்தத்திலேயே அவருக்கு சந்தேகம். என்ஜின் முக்குகிறது, வண்டி அதற்குத் தக்கபடி ஓடவில்லை, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி. டெரிக் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோன நேரத்தில் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டியிருக்கிறார். அவன் படித்துவிட்டான். கையைப் பிடி மேல் வைக்காமல், காலால் பின் பிரேக்கை மட்டும் அழுத்தி, மணலோரமாக இறக்கி நிறுத்தியிருக்கிறான். "டிஸ்க்கு நீலமாக் கெடக்கு அண்ணாச்சி. புகை வருது. இப்ப நாலு பேரு தள்ளுனாலும் முன் சக்கரம் சுத்த மாட்டேங்குது. அந்தப் புள்ள குருசடிப் படியில உக்காந்து அழுவுது. இருங்க, டெரிக் பேசணும்ங்கான்."

டெரிக் குரல் வந்தது. மெதுவாகத்தான் பேசினான். "அண்ணாச்சி, ஆயில் மூடியக் கழத்திப் பாத்தேன். இது லாஞ்சு ஆயில். சின்ன வயசுல இருந்து எனக்கு இந்த வாசம் தெரியும்." மூடியைத் திரும்பப் போடுகிற சத்தம் கேட்டது. "அப்பாதான் ஊத்திருக்காவ. அண்ணாச்சி, ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன், இது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா செத்துருவாவ."

சூசை அண்ணாச்சி எனக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நேரம் கடந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பினேன்.

அவர் சாய்ந்து சாய்ந்து வந்து, மிராண்டா சார் கையிலிருந்த போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏலே மக்கா, நான்தான்."

"அப்பா? நீங்க எப்ப அங்கன வந்தீங்க?"

"இப்பதான் உள்ள வாரேன். இவங்களுக்கு மீனு குடுக்கலாம்னு வந்தேன். நீதான் பேசுதன்னு சார் போனைக் குடுத்தாவ. என்னலே, வண்டில எதுவும் கோளாறா?"

"ஒண்ணுமில்லப்பா. பஞ்சர்."

"பஞ்சரா?"

"ஆமாப்பா. முன் வீல் பஞ்சர். நாங்க இங்கன இருந்து பஸ்ஸுல போயிருதோம்."

"சரி மக்கா. பைய போங்க. கொடியேத்தத்துக்கு நேரமிருக்கு."

போனை மேஜையில் வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பஞ்சர்னு சொல்லுதான். நீங்களும் பஞ்சர்னே வச்சுக்கிடுங்க" என்றார். அதைச் சொல்லிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கழற்றினேன். உள்ளே ரப்பர் எல்லாம் இட்லி மாதிரி ஊதிக் கிடந்தது. அந்த எண்ணெய் பட்ட எதையும் மிராண்டா சார் திரும்பப் போட விடவில்லை. காலிப்பர், பம்பு, ஹோஸ் எல்லாம் புதுசு. மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று டெரிக் பிறகு கேட்டபோது, எண்ணெய் நிரப்பியதை அப்பா போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், அது தப்பு என்று அவரிடம் சொல்லவில்லை என்று மிராண்டா சார் சமாளித்துவிட்டார். டெரிக் அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறான், மெர்லின் இன்னும் பின்னால் ஏறுகிறாள். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும், வீட்டில் வேறு யார் தொடுவார்கள் என்று கேட்டு, அந்த ஆளையும் வரச் சொல்லிப் பேசிவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்போம்.

சூசை அண்ணாச்சி அதற்குப் பிறகு லாஞ்சுக்கு எண்ணெய் ஊற்றவில்லை. முட்டு வலி தாங்கவில்லை, ஹார்பருக்கு நடக்க முடியவில்லை என்று வீட்டில் சொன்னாராம். மகளைக் கட்டிய மருமகன்தான் ஊற்றி அனுப்பினான். சாயங்காலம் கடற்கரை ரோட்டில் அவர் வழக்கம்போல் நடந்துகொண்டுதான் இருந்தார், நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் மீன் விலையைப் பற்றிப் பேசுவோம்.

அவர் போன வருஷம் காலமானார். அடக்கத்துக்கு நானும் மிராண்டா சாரும் போயிருந்தோம். டெரிக் கப்பலிலிருந்து பறந்து வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப் போனான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, எனக்கு ஒரே ஒரு நிம்மதி. அன்னைக்கு நடந்தது அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் போச்சு."

"ஆமா தம்பி, தெரியாது" என்றேன்.